நாலாவது காம்பு

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நின்றபடியே சொல்லிவிடுவேன். குறை சொல்லச் சொன்னால் பாய் போட்டு உட்கார வேண்டியிருக்கும். என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். நேரில் அண்ணி, வாங்க, போங்க என்று மரியாதை கொட்டிக் கிடக்கும். மனசுக்குள் அவள், இவள்தான். இதை மனசிலிருந்து சொல்வதால் அவள் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அவள் மாட்டுக் கொட்டகைக்கும் எங்கள் கொட்டகைக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் இடுப்பு உயரம். அவள் எருமை வாலைச் சுழற்றினால் என் பாத்திரத்தில் தெறிக்கும். நான் என் வீட்டுக்காரரை ஏதாவது சொன்னால் அவளுக்குக் கேட்கும். இப்படி ஒரு சுவர் இருந்தால் ஒருத்தியின் வாழ்க்கை முழுவதும் இன்னொருத்திக்குத் தெரிந்துவிடும், வேண்டாம் என்றாலும்.

அண்ணியின் புருஷன் தையல்காரர். ரெடிமேட் கடைகள் வந்த பிறகு அவரிடம் வருவதெல்லாம் பட்டன் தைக்கவும் கால் நீளம் குறைக்கவும்தான். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே என்று அண்ணி போய் ஒரு எருமைக் கன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு ஒரு கண் தெரியாது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று எல்லாரும் விட்ட கன்று. தெருவே சிரித்தது. அந்த ஒற்றைக்கண்ணியின் வயிற்றில் வந்தவைதான் இன்றைக்கு அவள் கொட்டகையில் நிற்கும் எருமைகள் எல்லாம். சிரித்தவர்கள் பிறகு அவளிடமே வந்து பால் வாங்கினார்கள்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. எருமைக்குக் காம்பு நாலு. மூன்று காம்பைக் கறப்பாள். நாலாவது கன்றுக்கு. விருந்தாளி வந்து வாசலில் நிற்கட்டும், பால் சங்கத்தில் கேன் நிரம்பாமல் போகட்டும், நாலாவது காம்பில் கை வைக்க மாட்டாள். "அதோட அம்மா மடி அது. அங்க நாமதான் விருந்தாளி" என்பாள். நாங்களெல்லாம் கன்றுக்குக் கொஞ்சம் விட்டோம் என்று பேர் பண்ணிவிட்டுச் சுரண்டிக் கறக்கிறவர்கள். அதனால் அவள் அப்படிச் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வரும்.

இன்னொரு சட்டம், பொய் சொல்ல மாட்டாள். இது இன்னும் பெரிய தொல்லை. ஒரு தடவை எங்கள் எருமை ஒன்றை விற்க ஆள் கூட்டி வந்திருந்தார் என் வீட்டுக்காரர். விலை பேசி முடிகிற நேரம். வந்தவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, நம்பி வாங்கலாமா?" என்றார். மாடு வாங்குகிற எவருமே அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க மாட்டார்கள், அவள் வாய்க்கு அவ்வளவு மதிப்பு. அவளும் வைக்கோலை உதறிக்கொண்டே, "பின்பக்கம் வலது காம்பு அடைப்பு. சொன்னாங்களா?" என்றாள். வந்தவர் வந்த வழியே போனார். கூடப் பிறந்த தம்பி அங்கேயே நிற்கிறான், அதைக்கூடப் பார்க்கவில்லை. நான் பல நாள் அவளோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "நாலு காம்பும் அடைச்சாலும் எங்க அக்கா வாய் அடைக்காது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படிப்பட்டவள் பொய் சொன்ன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பால் சங்கத்துக்குப் புதிதாக ஒரு மாட்டு டாக்டர் வந்தாள். சின்னப் பெண். காலைவிடப் பெரிய ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு டபக் டபக் என்று நடப்பாள். சங்கத்துக் கூடத்தில் எங்களை உட்கார வைத்து, வைக்கோலில் இருக்கிற சத்தில் பாதி எருமைக்குச் சேராமலே சாணியில் போய்விடுகிறது என்றாள். அதைச் செரிக்க வைக்க ஒரு என்சைம் பொடி இருக்கிறது, தீவனத்தில் தினமும் ஒரு கரண்டி கலந்து கொடுத்தால் தின்றது உடம்பில் ஒட்டும், பாலும் கொஞ்சம் ஏறும் என்றாள். எங்கள் வாயில் அது செரிமானப் பொடி ஆகிவிட்டது.

முதலில் இரண்டு வீட்டில் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. ஒன்று அண்ணி வீடு, அதில் யாருக்கும் மறுபேச்சில்லை. இன்னொன்று என் வீடு. நான் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வேறு காரணம் இல்லை. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், "இவளுக்கா?" என்று எழுதி ஒட்டியிருந்தது.

டாக்டர் பொட்டலம் கொடுக்கும்போது தெளிவாகத்தான் சொன்னாள். "சூடு மட்டும் ஆகாதும்மா. ஆறின தீவனத்துல, வைக்கறதுக்கு முன்னாடி கலந்தா போதும்." அண்ணி "சரி சரி" என்றாள். அவள் கண் அந்தப் பெண்ணின் பூட்ஸ் மேல் இருந்தது. தன் வயதில் பாதிகூட இல்லாத பெண், எருமைக்குத் தீவனம் வைக்கத் தனக்குச் சொல்லித் தருகிறாளே என்பதில் காதை மூடிக்கொண்டாள்.

அண்ணி வீட்டில் தீவனம் என்றால் சமையல். பெரிய அண்டாவில் குருணை, தவிடு, பருத்திக்கொட்டை எல்லாம் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இளஞ்சூட்டில் வைக்கோல் மேல் ஊற்றுவாள். "வேகாததை நாம திங்கறோமா? வாயில்லா ஜீவன்னா பச்சையா போட்டுடறதா?" என்று என்னைக் குத்துவாள். ஏனென்றால் நான் எதையும் வேக வைப்பதில்லை. எனக்கு என் வீட்டு அடுப்பே பெரும்பாடு. வறட்டுத் தீவனத்தைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் தெளித்து, பொடியைத் தூவிவிட்டுப் போய்விடுவேன். அண்ணியோ அண்டா கொதிக்கும்போதே பொடியைப் போட்டுக் கிளறினாள். எல்லாவற்றையும் போல இதுவும் வெந்தால்தானே இறங்கும் என்பது அவள் கணக்கு. இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் எருமைக்குப் பால் ஏறியது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் சோம்பேறித்தனத்துக்குக் கூலி கிடைத்தது. நான் சும்மா இருப்பேனா? சுவரில் கையூன்றி, "அண்ணி, என் செம்பு பத்தலை. உங்ககிட்ட பெரிசா ஒண்ணு சும்மா கெடக்கா?" என்று கேட்டேன். எருமை மேல் மழை பெய்த மாதிரி நிற்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே என்ன எரிந்தது என்று எனக்கு என்ன தெரியும். அவள் கொட்டகையில் அப்போது கறவையில் இருந்தது ஒரு எருமைதான், அதற்கு ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் எங்களைக் கேட்டாள். நான் எழுந்து பெருமையாகச் சொன்னேன். கூடம் முழுக்க "பரவாயில்லையே" என்றது. பிறகு எல்லாத் தலையும் அண்ணி பக்கம் திரும்பின. அண்ணி எழுந்தாள். காதோர முடியை ஒதுக்கிக்கொண்டாள். "எனக்கும் ஏறுச்சு. இவளுக்கு ஏறினதை விடக் கூடத்தான்" என்றாள்.

கை தட்டினார்கள். நான் சொன்னபோது பரவாயில்லை, அவள் சொன்னபோது கைதட்டல். அவள் சொன்னால் சொன்னதுதான், யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை. அடடா, இதிலும் ஜெயித்துவிட்டாளே என்று பொறாமையில் வீடு வரும்வரை அவளோடு பேசாமல் வந்தேன். அவளுக்கு அந்த நேரமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்ததாம். என்னைவிடக் குறைந்து போவதா என்கிற ஒரு எண்ணத்தில் வாய் தானாகத் திறந்து மூடிவிட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

பொய்யைச் சொல்லி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் பொய் சொல்லிப் பழகாதவர்கள். மறுநாள் காலை சங்கத்தில் பால் அளக்கிறவர், "எங்க, ஏறின பாலை ஊத்துங்க பாப்போம்" என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணியின் கேனில் பால் உண்மையாகவே கூடுதலாக இருந்தது.

தண்ணீர் கலக்கவில்லை. அதற்கு அவள் கை வராது. நாலாவது காம்பைக் கறந்திருந்தாள்.

ஒரு நாள் மட்டும் என்றுதான் கறந்தாளாம். ஆனால் ஏறின பால் மறுநாள் எப்படி இறங்கும்? இறங்கினால் ஏன் என்று கேட்பார்களே. அதனால் தினமும் கறந்தாள். எருமை மடி இறங்க வேண்டுமானால் முதலில் கன்றை ஊட்டவிட வேண்டும். அவிழ்த்துவிடுவாள். கன்று ஓடிவந்து நாலு வாய் இழுக்கும். மடி கல்லாகிப் பால் இறங்கியதும் கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து முளையில் கட்டிவிடுவாள். முன்பும் இப்படித்தான், ஆனால் கறந்து முடித்ததும் நாலாவது காம்புக்கு அவிழ்த்துவிடுவாள். இப்போது கறந்து முடித்தால் மடி காலி. அவிழ்த்துவிட்டால் கன்று வெறும் காம்பைச் சப்பிவிட்டுக் கத்த ஆரம்பிக்கும்.

அந்தச் சத்தம் சுவர் தாண்டி எனக்கும் கேட்டது. "என்ன அண்ணி, கன்னு ஓயாம கத்துது?" என்று கேட்டேன். "வயித்துல பூச்சி. மருந்து குடுத்திருக்கேன்" என்றாள். முதல் பொய்க்கு மூச்சு முட்டியவளுக்கு இரண்டாவது சரளமாக வந்தது. தையல்காரருக்கும் மனசு கேட்கவில்லை. மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு, "பசியில கத்தற மாதிரி இருக்கும்மா" என்றார். "நீங்க பட்டனைத் தைங்க" என்று அவர் வாயை அடைத்தாள். அவர் தைத்தார். கன்று கத்திக்கொண்டே இருந்தது. பிறகு கத்துவது குறைந்துபோனது. கத்துவது குறைந்தால் நல்லது என்று நினைப்போம். அது கத்தக்கூடத் தெம்பு இல்லாமல் போனதால்.

இதற்குள் அண்ணியின் ஒரு வார்த்தையால் தெருவில் பாதிப் பேர் பொடி வாங்கிவிட்டார்கள். அடுத்த தெருப் பெண்களுக்கும் காட்டலாம் என்று ஒரு நாள் காலையில் டாக்டர் அவர்களை முதலில் என் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் சல்லடை. செரித்ததா இல்லையா என்று சாணியைக் கழுவினால் தெரிந்துவிடுமாம். படித்து டாக்டரான பிள்ளை சாணியை அள்ளிச் சல்லடையில் போட்டு, எங்கள் வீட்டுத் தண்ணீரை ஊற்றி அலசியதைப் பார்த்து எல்லாருக்கும் சிரிப்பு. என் எருமைச் சாணியில் பொடிப்பொடியாகக் கொஞ்சம் சக்கைதான் மிஞ்சியது. "பாருங்க, வைக்கோலே தெரியலை" என்றாள். நான் ஏதோ நானே மென்று செரித்தது போல நிமிர்ந்து நின்றேன்.

"இது நல்லாருக்கு. இன்னும் அதிகமா ஏறின வீட்டைப் பாக்கலாம்" என்று டாக்டர் எல்லாரையும் அண்ணி கொட்டகைக்கு அழைத்துப் போனாள்.

அண்ணி கன்றை உள் மூலையில் இருட்டில் கட்டியிருந்தாள். அதன் முன்னால் வைக்கோல் கட்டு ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தாள். டாக்டர் புதுச் சாணியை அள்ளி அலசினாள். சல்லடையில் விரல் நீளத்துக்கு வைக்கோல் துண்டுகள் நின்றன. பருத்திக்கொட்டை முழுசு முழுசாக நின்றது. டாக்டர் இன்னொரு எருமையின் சாணியை அலசினாள். அதுவும் அப்படியேதான். பெண்கள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, பொடியை எதுல கலக்கறீங்க?"

அண்ணி அண்டா மூடியைத் திறந்தாள். ஆவி குபுகுபுவென்று வந்தது. "இதுலதான். கொதிக்கும்போதே போட்டுடுவேன். நல்லா எறங்கட்டும்னு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "கொதிக்கிற பால்ல உறை ஊத்துவீங்களாம்மா? ஊத்தினா தயிராகுமா? அந்த மாதிரிதான். சூடு பட்டா இந்தப் பொடி வேலை செய்யாது" என்றாள். அண்ணிக்கு உடனே புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷம் தயிர் தோய்க்கிறவளுக்குப் புரியாமல் இருக்குமா.

"பரவாயில்லம்மா, தப்பு என்மேலதான். இன்னொரு தடவை கேட்டுப் பாத்திருக்கணும்" என்றாள் அந்தப் பெண். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, "அப்போ பால் எப்படிம்மா ஏறுச்சு?" என்று கேட்டாள்.

அண்ணி கையில் அண்டா மூடி அப்படியே இருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் அவள் கால் மேல் சொட்டியது, சூடாகத்தான் இருந்திருக்கும், அவள் காலை நகர்த்தவில்லை. எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. கன்றின் சத்தம், வைக்கோல் கட்டு, நிரம்பின கேன். எங்கள் எருமை விலைபோகாமல் கெடுத்தவள் இன்று மாட்டிக்கொண்டாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அத்தனை பேர் நடுவில் அவள் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஏதோ நானே துணியில்லாமல் நிற்பது மாதிரி.

"பச்சைப்புல்லு, டாக்டரம்மா" என்றேன். "எங்க தோட்டத்துப் புல்லை நான்தான் அண்ணிக்கு அறுத்துக் குடுத்தேன். அதுல ஏறியிருக்கும்."

டாக்டர் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். பெண்களும் நம்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்திருக்கும்.

"நீ சும்மா இரு" என்றாள் அண்ணி என்னிடம். மூடியைக் கீழே வைத்தாள். மூலைக்குப் போய் வைக்கோல் கட்டைத் தள்ளிவிட்டுக் கன்றை வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நடக்கும்போது அதன் பின்னங்கால்கள் பின்னின. விலா எலும்பு தெரிந்தது. "ஏறவே இல்லை. ஒரு சொட்டும் ஏறலை. இதோட பங்கைக் கறந்து ஊத்தினேன்" என்றாள்.

டாக்டர் குனிந்து கன்றின் கண் இமையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே வெளுத்திருந்தது. திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அண்ணிக்கு மூச்சுவிட வழி கிடைத்திருக்கும். "இன்னும் காலம் போகலை. இனிமே நல்லா குடிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டாள். வந்த பெண்கள் வெளியே போகும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "இவங்களே இப்படின்னா அப்புறம் யாரை நம்பறது?" என்று தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். அண்ணிக்குக் கேட்டது. எனக்குக் கேட்டதே.

சாயங்காலம் பால் ஊற்ற அண்ணி போகவில்லை. தையல்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை."

"மறைக்காதீங்க."

"நெஜமாவே ஒண்ணும் சொல்லலைம்மா. எப்பவும் ஏதாவது சொல்லுவாங்க" என்றார் அவர்.

நான் சுவரைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அவளே சொன்னாள், நான் கேட்காமல். சொல்லி முடித்துவிட்டு, "நீ எதுக்கு எனக்காகப் பொய் சொன்னே?" என்றாள்.

"உங்க மானம் போகக்கூடாதுன்னுதான் அண்ணி."

"அப்பதான் ரொம்பக் கேவலமா இருந்துச்சு. உன்னையும் சொல்ல வெச்சுட்டேனேன்னு." முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் முதுகில் கை வைத்தேன். தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். தட்டிவிடவில்லை.

மறுநாள் காலை அவள் செம்பே எடுக்கவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் கறந்துகொண்டிருந்தேன். எருமையிடம் போய் மடியைக் கழுவிவிட்டு, கன்றின் கயிற்றைக் கழுத்திலிருந்தே கழற்றினாள். "போ. இன்னிக்கு நாலும் உனக்குத்தான்" என்றாள்.

கன்று தள்ளாடிக்கொண்டு ஓடிப்போய்க் காம்பைப் பிடித்தது. முட்டி முட்டி நாலு வாய் இழுத்தது. பால் இறங்கிவிட்டது, அதன் வாயோரம் நுரை தெரிந்தது. உடனே காம்பை விட்டது. யாரும் தொடவில்லை, இழுக்கவில்லை. தானாகவே பின்னால் நகர்ந்து போய் முளைக்குப் பக்கத்தில் நின்று, கட்டுவதற்குத் தோதாகக் கழுத்தை நீட்டியது.

அண்ணி அப்படியே நின்றாள். பிறகு அதை அணைத்துக் கூட்டிப்போய் மடியில் விட்டாள். மறுபடியும் நாலு வாய். மறுபடியும் விட்டுவிட்டு முளைக்கு வந்தது. "இழுக்க மாட்டேன்டா. குடி. சத்தியமா இழுக்க மாட்டேன்" என்றாள். கன்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்போதும் அது நகரவில்லை.

நான் கறப்பதை நிறுத்திவிட்டேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. மெதுவாகப் பின்னால் நடந்து கொட்டகைக்கு வெளியே போய், உள்ளே தெரியாதபடி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கன்று கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தது. பிறகு மடிக்குப் போய்க் குடிக்க ஆரம்பித்தது.

"குடிக்குதா?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"குடிக்குது அண்ணி" என்றேன். "நீங்க உள்ள வராதீங்க."